பச்சை காட்டிய இடம்

தர்ஷனா என்ன வேலை செய்கிறாள் என்று கிளமெண்டி சந்தையில் யாராவது கேட்டால், அவளுடைய தாயார் பூரணம் ஒரே பதில்தான் வைத்திருப்பார்.

"மலையே இல்லாத ஊரில மலைக்குப் படம் கீறுறாள்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். பக்கத்தில் காய்கறிப் பையோடு நிற்கும் தர்ஷனாவும் சிரிப்பாள். யோசித்துப் பார்த்தால் அம்மா சொல்வதில் பெரிய தவறு இல்லை. ஓர் இடத்தில் ஒருவர் நின்றால் அவர் கண்ணுக்கு எதுவரை தெரியும், எந்த மேட்டுக்குப் பின்னால் எது மறைந்துபோகும் என்று கணினியில் கணக்கிட்டு வரைபடமாக்குவது அவள் தொழில். சிங்கப்பூரில் மலை என்று சொல்லிக்கொள்ளும்படி அதிகம் இல்லை. ஆனால் மேடுகள் சின்னதாக இருக்கும் ஊரில்தான் இந்தக் கணக்கு பாடாய்ப் படுத்தும். பெரிய மலை என்றால் அது மறைக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகம் வராது. ஆள் உயர மேடு என்றால், அளவு ஒரு முழம் பிசகினாலும் அதற்கு அப்பால் உள்ள ஒரு முழுச் சரிவு தெரியும் அல்லது தெரியாமல் போகும்.

அவள் பிறந்து வளர்ந்ததும் கிளமெண்டிதான். அப்பா ஏரம்பமூர்த்தி துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டுச் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கடல் தெரியும். தர்ஷனா தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது அந்த இடைவெளியில் புதிதாக ஒரு புளோக் எழுந்தது. கடல் போய்விட்டது. வீட்டில் மற்றவர்கள் இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துபோனார்கள். அவள் மட்டும் லிஃப்டில் ஏறி ஒவ்வொரு மாடி நடைபாதையிலும் இறங்கி, எந்த மாடியிலிருந்து மறுபடி கடல் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனாள். அதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அம்மா கீழே பயந்துபோய்த் தேடிக்கொண்டிருந்தார்.

அப்பா அவளைக் கணக்கியல் படிக்கச் சொன்னார். அவள் புவியியல் படித்தாள். "படிச்சிட்டு என்ன, பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்லப் போறியோ?" என்று கேட்டாரே தவிர, தடுக்கவில்லை. படித்து முடித்த பிறகு ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். நடத்தியவர் அப்துல் முத்தலிப். நில அளவையாளராக வெயிலில் நடந்து தேய்ந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு வரைபட நிறுவனம் தொடங்கினார். கீழ்க்கடையில் குழாய்களை இறக்கிப் போடும்போதெல்லாம் மாடியில் கணினித் திரை லேசாக நடுங்கும். வருகிற வேலைகள் பலவகை. எந்தக் கோபுரத்திலிருந்து எந்தப் புளோக்குக்கு சிக்னல் போகும், கட்டப்போகும் கொண்டோ குடியிருப்பில் எந்த மாடியிலிருந்து நீர்த்தேக்கம் தெரியும். நடுநடுவே, ராணுவப் பயிற்சி நிலங்களுக்கான வரைபடங்களும் வரும்.

அப்படி அவள் செய்த ஒன்று தீவின் மேற்கே, பொதுமக்கள் நுழையாத ஒரு காட்டு நிலத்துக்கானது. இளம் படைவீரர்கள் வரைபடமும் திசைகாட்டியுமாக ஒவ்வொருவராக அங்கே நடந்து பழகுவார்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக உயரமான இடங்களில் காவல் மேடைகள் இருக்கும். பாதையில் நடப்பவர் எந்த நேரமும் ஏதாவது ஒரு மேடையிலிருந்து தெரிய வேண்டும். மேடைகளை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் வரைபடம். தெரியும் இடம் பச்சை, தெரியாத இடம் சிவப்பு. தர்ஷனா கணக்கிட்டாள், முத்தலிப் சரிபார்த்தார், வரைபடம் போனது. பாராட்டி ஒரு மின்னஞ்சல்கூட வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் அவள் அதை நினைக்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை மேஜர் இளமாறன் அந்த அலுவலகத்தின் செங்குத்தான படிகளில் ஏறி வந்தார். நாற்பதை எட்டிக்கொண்டிருந்த, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். பயிற்சி நிலத்தின் பொறுப்பு இப்போது அவரிடம் இருந்தது. கையோடு கொண்டுவந்த வரைபடத்தை மேசையில் விரித்து ஒரு சரிவின் மேல் விரலை வைத்தார்.

"இது நீங்க செஞ்சதுதானே?"

"ஆமா. என்ன ஆச்சு?"

"போன மாசம் இந்த இடத்துல ஒரு பையன் கால் பிசகி உட்கார்ந்துட்டான். கையில இருந்த ரேடியோ சரிவுல உருண்டு போயிருச்சு. விசில் ஊதியிருக்கான், யாருக்கும் கேக்கல. அடுத்து வந்தவன் பார்த்துச் சொல்ற வரைக்கும் வெயில்லயே கிடந்திருக்கான். மயக்கம். இப்ப நல்லா இருக்கான், ஒண்ணும் பயமில்ல."

தர்ஷனா வரைபடத்தைப் பார்த்தாள். இளமாறனின் விரலைச் சுற்றி எல்லாம் பச்சை.

"மேடையில யார் இருந்தாங்க?" என்று முத்தலிப் கேட்டார்.

"நூர்தீன்னு ஒரு சார்ஜெண்ட். ரிசர்விஸ்ட். வருஷத்துல சில வாரம்தான் படைக்கு வருவார், மத்தபடி வெளியில பஸ் ஓட்டறார். நல்ல ஆள் சார், தூங்கற ஆள் இல்ல. அவர் மேல நடவடிக்கை எதுவும் எடுக்கல. ஆனா அவரே தன்னை விடமாட்டேங்கறார். 'அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன் சார், ஆனா மேப்புல பச்சைன்னு போட்டிருக்கே, அப்ப நான்தான் கவனிக்காம விட்டிருக்கேன்'ன்னு சொல்றார். அதான் கேக்க வந்தேன். இந்தப் பச்சை எவ்வளவு பச்சை?"

கேள்வி வேடிக்கையாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தர்ஷனா அவரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டாள்.

அன்று மாலை ரயிலில் நின்றுகொண்டே வந்தபோது அவள் மனம் அந்தச் சரிவைவிட்டு நகரவில்லை. முகம் தெரியாத ஒரு பஸ் ஓட்டுநர், தன் கண்ணைவிட அவள் தீட்டிய நிறத்தை நம்பியிருக்கிறார். வீட்டில் கணவன் சஞ்சீவனிடம் சொன்னாள். அவன் உயர்நிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியன்.

"நீ போட்டது தப்புன்னு நினைக்கிறியா?"

"தப்பா சரியான்னு இல்ல. எனக்கு எவ்வளவு தெரியும்னு அதுல நான் சொல்லவே இல்ல. தெரியும், தெரியாது, ரெண்டே நிறம். நடுவுல ஒண்ணு இருக்குல்ல."

அந்த நடுவை எப்படி வரைவது என்பது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. நிலத்தின் உயர அளவுகள் விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி எடுக்கப்பட்டவை. மரம் அடர்ந்த இடத்தில் ஒளி தரையைத் தொட்டதா, இலையைத் தொட்டுத் திரும்பியதா என்பது எப்போதுமே கொஞ்சம் சந்தேகம். அதனால் ஒவ்வொரு அளவும் இவ்வளவு பிசகியிருக்கலாம் என்று ஒரு மதிப்பு உண்டு. அந்தப் பிசகுக்குள் உயரங்களை மாற்றி மாற்றி வைத்து ஒரே கணக்கை நூற்றுக்கணக்கான முறை ஓடவிட வேண்டும். சில முறை அந்த இடம் தெரியும், சில முறை மறையும். எத்தனைக்கு எத்தனை என்று பார்த்தால், எவ்வளவு நம்பலாம் என்பது கிடைத்துவிடும். வேலை அதிகம். வரைபடம் கேட்பவர்களும் அதைக் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது இரண்டு நிறம்.

இருந்தாலும் அவள் அப்படியே ஓட்டிப் பார்த்தாள். முத்தலிப்புக்கும் அது பிடிக்கவில்லை. திரையில் பச்சையும் சிவப்பும் கரைந்து நடுவில் சாம்பல் படர்ந்திருப்பதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா என்ன நினைப்பாங்க? எங்களுக்கே தெரியலன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கு தர்ஷனா."

"தெரியலதானே சார்?"

"தெரியலன்னு சொல்றதுக்கு நாம எதுக்கு? அவங்களே தெரியலன்னு சொல்லிக்குவாங்களே."

கீழே கடையில் யாரோ குழாய்க் கட்டை இறக்கினார்கள். சத்தம் அடங்கியதும் முத்தலிப் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. அந்தப் பையன் கிடந்த இடம் என்ன காட்டுது?"

அதுதான் அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அந்தச் சரிவு சாம்பலில் விழும், மேப்பில்தான் கோளாறு என்று நிரூபணமாகிவிடும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பத்தில் எட்டு முறை அந்த இடம் தெரிந்தது. பாதையின் வேறு பல பகுதிகள் சாம்பலாகியிருந்தன. நூர்தீன் கவனிக்காமல் விட்டதாகச் சொன்ன இடம் மட்டும் நல்ல பச்சையாகவே நின்றது.

"அப்ப அவர் கவனிக்கலதான்," என்றார் முத்தலிப்.

"பத்துல ரெண்டு இருக்கே சார்."

"அந்த ரெண்டை வச்சுக்கிட்டு அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்வே?"

ஒருவனுடைய குற்ற உணர்ச்சியைக் குறைக்கப் போய், அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. இளமாறனுக்குப் போன் செய்தாள்.

"நேரில போய்ப் பார்க்கணும் மேஜர். அந்தச் சார்ஜெண்டும் வந்தா நல்லது."

அனுமதி வாங்கச் சில வாரங்கள் ஆயின. அங்கே போன அன்று காலையிலேயே வானம் கறுத்து, மின்னல் எச்சரிக்கைக்காக எல்லோரும் ஒரு கொட்டகைக்குள் ஒதுங்க வேண்டியதாயிற்று. அங்கேதான் நூர்தீனை முதலில் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம், ஆனால் சிரிப்பு கண்வரை ஏறவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே இருந்தான்.

"அக்கா, நீங்கதான் மேப் போட்டதுன்னு மேஜர் சொன்னாங்க. மேப்புல ஒண்ணும் குறை இல்லக்கா. நான் அப்பவே சொல்லிட்டேன்."

"பார்ப்போம்," என்றாள் தர்ஷனா.

மழை பெய்யாமலே போக்குக் காட்டிவிட்டு வெயில் திரும்பியது. மேடைக்கு ஏறினார்கள். இரும்புக் கால்களில் நின்ற, தகரக் கூரை போட்ட சின்ன மேடை. மேலே போனதும் தர்ஷனா முதலில் தேடியது அந்தச் சரிவைத்தான். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. நேர் எதிரே, ஒரு மரமும் மறைக்காமல், லாலாங் புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழ, சரிவு முழுவதும் தெரிந்தது. பள்ளம் இல்லை, மேடு இல்லை. கணக்கு சொன்னதுதான் சரி. நூர்தீனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியுதுல்லக்கா," என்றான் மெதுவாக.

வந்ததற்குத் திட்டப்படி சோதித்துவிடலாம் என்றார் இளமாறன். நூர்தீன் பைனாகுலரோடு மேடையில் இருப்பது, தர்ஷனாவும் இளமாறனும் பாதையில் நடப்பது, அங்கங்கே நின்று வாக்கி-டாக்கியில் தெரிகிறதா என்று கேட்பது. இளமாறன் படை உடையில் இருந்தார். தர்ஷனா ஒரு கரும்பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பயிற்சிக்கு வரும் பையன்கள் பளிச்சென்ற நிறத்தில் வருவதில்லை என்று யோசித்துத்தான்.

முதல் ஒரு மணி நேரம் அவளுடைய சாம்பல் நிறம் நன்றாகவே வேலை செய்தது. சந்தேகம் என்று காட்டிய வளைவுகளில் நூர்தீன் ஒருமுறை தெரிகிறது என்றான். இரண்டு எட்டு நகர்ந்தால் தெரியவில்லை என்றான். அல்பீசியா மரங்கள் அளவு எடுத்த காலத்தைவிட வெகுவாக உயர்ந்திருந்தன. அவள் கையிலிருந்த பிரதியில் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே நடந்தாள். பிறகு சரிவுக்கு வந்தார்கள்.

மேடையிலிருந்து பார்க்கப் புல்வெளி போலிருந்த இடம், கிட்டே வந்தால் வேறு மாதிரி இருந்தது. லாலாங் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது. சில இடங்களில் மார்பைத் தொட்டது. ஓரங்கள் கையைக் கீறின.

"இந்த இடம்தான்," என்றார் இளமாறன். வாக்கி-டாக்கியை எடுத்தார். "நூர்தீன், தெரியறோமா?"

"நல்லாத் தெரியுது சார். ரெண்டு பேரும்." குரலில் சோர்வு இருந்தது.

தர்ஷனா வரைபடத்தில் குறி போட்டாள். வெயில் தலைக்கு நேராக இறங்கியது. காலையிலிருந்து நடந்ததில் ஒரு ஷூவின் நாடா அவிழ்ந்து புல்லில் சிக்கியிருந்தது. அப்படியே உட்கார்ந்து நாடாவைக் கட்டத் தொடங்கினாள். புல்லுக்குள் காற்று இல்லை, அடுப்பங்கரை போலிருந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "சார், அக்கா எங்க போனாங்க?"

இளமாறன் குனிந்து தர்ஷனாவைப் பார்த்தார். அவரிடமிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தாள். "இங்கதான் இருக்காங்க."

"தெரியல சார். நீங்க மட்டும்தான் தெரியறீங்க."

தர்ஷனாவின் கை நாடாவிலேயே நின்றுவிட்டது. புல்லின் ஊடே மேலே பார்த்தாள். இலைகளுக்கு நடுவே மேடையின் தகரக் கூரை தெரிந்தது. கூரைக்குக் கீழே, வெளிறிய வானத்தின் பின்னணியில் நூர்தீன் கறுப்பாக, துல்லியமாகத் தெரிந்தான். இளமாறனிடம் கைநீட்டி வாக்கி-டாக்கியை வாங்கினாள்.

"நூர்தீன், நீங்க எனக்குத் தெரியறீங்க. கையைத் தூக்குங்க."

கறுத்த உருவம் கையைத் தூக்கியது.

"தூக்கிட்டீங்க. இப்ப என்னைத் தெரியுதா?"

"இல்லக்கா."

"பைனாகுலர்ல பாருங்க. மேஜருக்குப் பக்கத்துலயே இருக்கேன்."

கறுத்த உருவம் பைனாகுலரைக் கண்ணில் வைத்தது. "அக்கா, புல்லுதான் தெரியுது."

அவள் இளமாறனையும் உட்காரச் சொன்னாள். மேஜர் ஒரு நொடி தயங்கிவிட்டுப் புல்லுக்குள் இறங்கினார்.

"இப்போ?"

"இப்போ அங்க யாருமே இல்ல," என்றான் நூர்தீன்.

அந்த வாக்கியம் புல்லுக்குள் கேட்ட விதத்தை தர்ஷனா பிறகு பலமுறை சஞ்சீவனிடம் சொல்லியிருக்கிறாள். அவளும் மேஜரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு இருப்பவரை அவளால் பார்க்க முடிகிறது. அவர் தன்னைத்தான் பார்க்கிறார் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் அவர் பார்க்கும் இடத்தில் அவள் இல்லை. கால் பிசகிய அந்தப் பையனும் இப்படித்தான் மேடையைப் பார்த்துக்கொண்டே, இதோ பார்த்துவிட்டார்கள், இதோ வருகிறார்கள் என்று விசிலை ஊதியிருப்பான். அவளுடைய கணக்கில் ஒரு கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரிந்தால், அந்த முனையிலிருந்தும் இந்த முனை தெரியும். வானத்துக்கு எதிரே நிற்கும் ஒருவரும், புல் நிறத்தில் புல்லுக்குள் கிடக்கும் ஒருவரும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான்.

எழுந்து நின்றாள். "இப்ப தெரியுதுக்கா!" மறுபடி உட்கார்ந்தாள். "இல்ல." மறுபடி எழுந்தாள்.

"அக்கா," என்றது வாக்கி-டாக்கி. "நான் அங்க வந்து உட்கார்ந்து பார்க்கலாமா?"

இளமாறன் மேடைக்குப் போனார். நூர்தீன் இறங்கி வந்தான். ஓடித்தான் வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. எந்த இடம் என்று கேட்டு, சரியாக அங்கே போய் உட்கார்ந்தான். பிறகு ஒரு காலை நீட்டி, மற்றக் காலை மடக்கி, அடிபட்டவன் சாய்வதுபோல் சாய்ந்துகொண்டான். தர்ஷனா தள்ளிப்போய் நின்று கேட்டாள்.

"மேஜர், நூர்தீன் தெரியறாரா?"

இளமாறன் அவசரப்படவில்லை. பைனாகுலரை வலமும் இடமும் மெதுவாக நகர்த்துவது இங்கிருந்தே தெரிந்தது. நூர்தீன் புல்லுக்குள்ளிருந்து அந்தத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியல," என்றார் கடைசியில். "எங்க இருக்கார்னு தெரிஞ்சும் என்னால கண்டுபிடிக்க முடியல."

நூர்தீன் உடனே எழவில்லை. புல்லுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தர்ஷனா வேறு பக்கம் திரும்பி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மெதுவாகக் குடித்தாள்.

திரும்பி நடக்கும்போது அவனாகவே பேசினான். "தேக்காவுல ஒரு கண்ணாடிக் கடையில போய்க் கண்ணைக் காட்டினேன்க்கா. ஒண்ணுமில்ல, நல்லா இருக்குன்னு சொன்னாங்க. நம்பிக்கை வரல, இன்னொரு இடத்துலயும் போய்க் காட்டினேன். அங்கயும் அதேதான். நான் பஸ் ஓட்டறவன்ல. செங்காங்ல பள்ளிக்கூடம் விடற நேரம் அந்த ரோட்ல வரும்போதெல்லாம், கண்ணு முன்னால இருக்கறதையே பார்க்காம விட்டுட்டா என்ன பண்றதுன்னு இருக்கும். லீவு போட்டுடலாமான்னுகூட யோசிச்சேன்."

"வீட்ல சொன்னீங்களா?"

"சொல்லல. பயப்படுவாங்க."

"இன்னிக்குப் போய்ச் சொல்லுங்க," என்றாள் தர்ஷனா.

அலுவலகத்துக்கு வந்து மென்பொருளைத் திறந்தபோது, விஷயம் எங்கே ஒளிந்திருந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பார்க்கப்படும் பொருளின் உயரம் என்று ஒரு கட்டம். அதில் நிற்கும் ஆளின் உயரம் இருந்தது. தரை அளவுகளைச் சுத்தம் செய்தவர்கள் புல்லையும் புதரையும் வழித்தெடுத்துவிட்டு வெறும் மண்ணை மட்டும் தந்திருந்தார்கள். வெறும் மண்ணின் மேல் நிற்கும் மனிதன். நிலத்தின் உயரத்தை எத்தனையோ முறை மாற்றி மாற்றி ஓட்டியவள், மனிதனின் உயரத்தைத் தொடவே இல்லை. மேடையில் ஆள் வைப்பதே கீழே விழுந்தவரைக் கண்டுபிடிக்கத்தான் என்று யோசித்திருந்தால் தொட்டிருப்பாள்.

புல்லைச் சேர்த்து, உட்கார்ந்த ஆளின் உயரத்தை வைத்து மறுபடி ஓட்டினாள். புல்லின் உயரமும் மாறிக்கொண்டே இருப்பதால் அதையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். சரிவு அநேகமாக முழுவதும் சிவந்துபோனது. முத்தலிப்பைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். "நான் சரிபார்த்து அனுப்பின மேப்," என்றார். பிறகு, "இந்த மாதிரி வேற எங்கெல்லாம் கொடுத்திருக்கோம்?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நிலத்துக்கு."

"அதையும் எடு."

பழைய வேலைகளை வலியப்போய்த் திரும்ப வாங்கிச் செய்து கொடுத்ததில் பல வாரங்கள் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்தாலும் இளமாறனின் மேலதிகாரிகள் முன்னால் அவர்தான் முதலில் எழுந்து பேசினார். பழைய வரைபடத்தைத் திரையில் போட்டு, "இதுல நாங்க பச்சைன்னு சொன்ன இடத்துல, விழுந்து கிடக்கிற ஆள் தெரியமாட்டார். காவலுக்கு இருந்தவர் மேல தவறே இல்ல," என்று நேராகச் சொன்னார். தர்ஷனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. வரும் வழியில் காரில் அவர் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

கூட்டம் அவள் நினைத்தபடியெல்லாம் போகவில்லை. ஒரு மூத்த அதிகாரி சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு, மேடையில் இருப்பவருக்குப் பத்துக்கு ஏழு, பத்துக்கு நாலு என்றால் என்ன செய்வார், பாதிக் கண்ணால் பார்ப்பாரா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எண்களை எடுத்துவிட்டு மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தர்ஷனாவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எண்களை இழந்தது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் மற்றவை நடந்தன. நிற்பவருக்கு ஒன்று, விழுந்தவருக்கு ஒன்று என்று இரண்டு வரைபடம். சரிவுக்கு எதிர்ப்புறம் இன்னொரு மேடை. லாலாங் வளர்ந்த பகுதிகளில் தனியாக நடக்கக் கூடாது, இருவராகத்தான் நடக்க வேண்டும் என்றும் ஒரு விதி. கடைசியாகச் சொன்னது இளமாறனின் யோசனை. புல்லை வெட்டிக்கொண்டே இருப்பது நடக்காத காரியம் என்று அவருக்குத் தெரியும்.

நூர்தீனுக்கு அவர் போன் செய்து சொன்னார். பிறகு நூர்தீன் தர்ஷனாவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினான். பின்னணியில் பஸ் நிலையச் சத்தம். நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பையனைப் போய்ப் பார்த்ததாகவும், அவன் கால் சரியாகி ஃபுட்பால் விளையாடுவதாகவும் சொன்னான். "நான் மன்னிப்புக் கேக்கத்தான் போனேன்க்கா. எதுக்கு அங்கிள்னு கேக்கறான். நான் என்ன அவ்வளவு வயசானவனாவா தெரியறேன்?"

தர்ஷனா இப்போது வருடத்துக்கு இரண்டு முறை தன் வரைபடங்களைக் கையில் எடுத்துக்கொண்டு நிலத்துக்கே போகிறாள். முத்தலிப் முதலில் முணுமுணுத்தார். பிறகு வாடிக்கையாளர்களிடம், "எங்க ஆள் நேரில வந்து பார்ப்பாங்க," என்று அவரே பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். முகம் கறுத்துக் கையெல்லாம் கீறலோடு வீட்டுக்கு வரும் மகளைப் பார்த்துப் பூரணம் திட்டுவார்.

"என்ன பிள்ளை, ஆபீஸ் வேலை எண்டு சொல்லிப்போட்டுக் காட்டுக்கையோ நிண்டனி?"

அண்மையில் அப்படிப் போனபோது புது மேடையில் வேறொரு ரிசர்விஸ்ட் காவலுக்கு இருந்தார். சுவரில் ஒட்டியிருந்த இரண்டு வரைபடங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பச்சையும் சிவப்பும் புரிகிறது, இந்தச் சாம்பல் எதற்கு என்று கேட்டார்.

"அங்க யாரும் தெரியலன்னா, யாரும் இல்லன்னு நினைச்சுக்காதீங்க. ரேடியோல கூப்பிட்டுப் பாருங்க. பதில் வரலன்னா ஆள் அனுப்புங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அப்ப இதை எழுதியே ஒட்டிடலாமே," என்றார் அவர்.

தர்ஷனா பையிலிருந்து பேனாவை எடுத்து, சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் அதை எழுதினாள். இடம் போதவில்லை. கடைசி இரண்டு சொற்களை ஓரத்தில் செங்குத்தாக எழுத வேண்டியிருந்தது.